பெட்டி வைக்க ஒரு விண்ணப்பம்: பொதுப் பூங்காக்களில் ஜியோகேச்சிங் இடம்பிடித்த வரலாறு

ஜியோகேச்சிங் என்பது, ஒருவர் ஒளித்துவைத்த பெட்டியை மற்றவர்கள் ஜிபிஎஸ் கருவியின் துணையோடு தேடிக் கண்டுபிடிக்கும் பொழுதுபோக்கு. பெட்டியை வைப்பவர் அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிடுவார். தேடி வருபவர் பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் பதிவேட்டில் பெயரும் தேதியும் எழுதுவார். அதிலுள்ள சிறு பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டால் அதற்கு ஈடாக வேறொன்றை வைப்பார். பெட்டியை இருந்தபடியே மறைத்துவிட்டுப் போவார். 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்த இந்த விளையாட்டுக்கென்று தனி மைதானம் கிடையாது. பொதுப் பூங்கா, காடு, ஏரிக்கரை, நடைபாதை ஆகியவையே அதன் களம். அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு நிர்வாகம் உண்டு. நிர்வாகத்துக்கு விதிகள் உண்டு. ஆகவே இந்த விளையாட்டின் வரலாற்றில் பெரும்பகுதி, ஆர்வலர்கள் பூங்கா அலுவலர்களோடு நடத்திய பேச்சுவார்த்தையின் வரலாறாகவே இருக்கிறது. பொது நிலத்தில் விளையாடுவது எங்கள் உரிமை என்ற வாதத்தால் கிடைத்த இடங்கள் குறைவு. வைத்தவர் யார், வைத்த இடம் எது, எத்தனை நாளைக்கு, எடுக்கச் சொன்னால் யார் எடுப்பார் என்ற கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தர முடிந்தபோதுதான் பூங்காக்கள் இடம் கொடுத்தன.

முன்னோடி: டார்ட்மூர் பெட்டிகள்

ஒளித்துவைத்த பெட்டியைத் தேடி நடக்கும் வழக்கம் செயற்கைக்கோள்களுக்கு முந்தியது. இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் பகுதியில் டார்ட்மூர் என்ற கற்பாறை மேட்டுநிலம் இருக்கிறது. சாக்ஃபோர்டு என்ற ஊரைச் சேர்ந்த வழிகாட்டி ஜேம்ஸ் பெரட், 1854-இல் அந்த மேட்டின் ஆள் நடமாட்டமற்ற கிரான்மியர் பூல் என்னும் இடத்தில் ஒரு கண்ணாடிப் புட்டியை வைத்தார். சதுப்பு நிலத்தைக் கடந்து அதுவரை நடந்துபோனவர்கள், போய்வந்ததற்கு அடையாளமாகத் தங்கள் பெயரட்டையை அதில் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். புட்டியின் இடத்தில் பின்னர் பெட்டியும் வருகைப் பதிவேடும் ரப்பர் முத்திரையும் வந்தன. லெட்டர்பாக்ஸிங் என்று பெயர்பெற்ற இந்தப் பொழுதுபோக்கு, 1970-களுக்குப் பிறகு வேகமாகப் பரவி, மேடெங்கும் ஆயிரக்கணக்கான பெட்டிகள் முளைத்தன.

டார்ட்மூர் 1951-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட நிலம். வெண்கலக் காலக் கல்வரிசைகளும் ஈமக் கற்குவைகளும் அங்கே நிறைந்திருக்கின்றன. பெட்டிக்காகக் கல்லைப் பெயர்ப்பதும் தரையைக் கிளறுவதும் அவற்றுக்கு ஊறு விளைவிக்கும் என்பதால், பெட்டி வைப்போருக்கு ஒரு நடத்தை நெறி உருவானது. தொல்லியல் சின்னங்களிலோ சுவர்களிலோ இடிபாடுகளிலோ பெட்டி வைக்கக் கூடாது. சிமெண்ட் பூசி நிலையாகப் பொருத்தக் கூடாது. ஆபத்தான இடங்களில் வைக்கக் கூடாது. பின்னாளில் உலகின் பல பூங்காக்கள் ஜியோகேச்சிங்குக்கு விதித்த நிபந்தனைகளின் முதல் வடிவத்தை இந்த நெறியில் காணலாம். லெட்டர்பாக்ஸிங் பற்றி ஸ்மித்சோனியன் இதழ் 1998-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு அமெரிக்காவிலும் அந்தப் பழக்கம் பரவத் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில் அதற்கு ஒரு மின்னணுத் தம்பி பிறந்தான்.

2000 மே மாதம்

ஜிபிஎஸ் அமைப்பை நடத்திவரும் அமெரிக்க அரசு, பொதுமக்களின் கருவிகளுக்குக் கிடைக்கும் சமிக்ஞையில் பாதுகாப்புக் காரணங்களுக்காக வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. அதனால் ஒரு கருவி காட்டும் இடம் உண்மையான இடத்திலிருந்து ஏறக்குறைய 100 மீட்டர் வரை விலகியிருக்கலாம். அந்தப் பிழையை நீக்குவதாக அதிபர் பில் கிளின்டன் 2000 மே 1 அன்று அறிவித்தார். அன்றிரவே அது நீக்கப்பட்டது. விலகல் 10, 20 மீட்டருக்குள் சுருங்கியது. ஒரு மரத்தடியையோ பாறையிடுக்கையோ எண்களால் சுட்டிக்காட்ட அந்தத் துல்லியம் போதுமானது.

மே 3 அன்று, கணினித் துறை ஆலோசகரான டேவ் அல்மர், ஒரேகான் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்கு அருகே ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்து, அதன் ஆயத்தொலைவுகளை யூஸ்நெட் செய்திக்குழு ஒன்றில் அறிவித்தார். வாளிக்குள் மென்பொருள், புத்தகம், பணம், ஒரு கவண், ஒரு தகரடப்பா பீன்ஸ் ஆகியவை இருந்தன. எடுத்தால் எதையாவது வை, பதிவேட்டில் எழுது என்பதே விளையாட்டின் விதி. சில நாள்களுக்குள் வாஷிங்டன் மாநிலத்து வான்கூவர் நகரைச் சேர்ந்த மைக் டீக் அதைக் கண்டுபிடித்தார். அதே மே மாத இறுதியில் மாட் ஸ்டம் என்பவர் ஜியோகேச்சிங் என்ற பெயரை முன்மொழிந்தார். செப்டம்பர் 2 அன்று ஜெரமி ஐரிஷ் ஜியோகேச்சிங் டாட் காம் தளத்தைத் திறந்தபோது, உலகெங்கும் அறியப்பட்டிருந்த பெட்டிகள் 75 மட்டுமே. அந்த ஆண்டின் இறுதியில் சியாட்டில் நகரில் அவர் தம் நண்பர்களோடு தொடங்கிய கிரவுண்ட்ஸ்பீக் நிறுவனம் தளத்தின் நிர்வாகத்தை ஏற்றது.

இந்தத் தொடக்க விதிகளில் நில உரிமையாளரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதோடு, அல்மரின் வாளி பாதி மண்ணுக்குள் புதைக்கப்பட்டிருந்தது. அனுமதி கேட்காத வழக்கம், புதைத்துவைத்த புதையல் என்ற தோற்றம் ஆகிய இரண்டும் அடுத்த பத்தாண்டுகளுக்கு ஆர்வலர்களைத் தொடர்ந்து வந்தன.

சட்டம் சொன்ன பதில்

முதலில் கதவைச் சாத்தியது அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவை. புதிதாகச் சட்டம் எதையும் அது இயற்ற வேண்டியிருக்கவில்லை. கையிலிருந்த விதிகளே போதுமாயிருந்தன. கூட்டாட்சி விதித்தொகுப்பின் 36-ஆம் தலைப்பு, தேசியப் பூங்காவில் பொருள்களைக் கைவிட்டுச் செல்வதையும், அனுமதியின்றி 24 மணி நேரத்துக்கு மேல் கவனிப்பாரின்றி விட்டுவைப்பதையும் தடை செய்கிறது. மாதக்கணக்கில் ஓரிடத்தில் கிடக்க வேண்டிய பெட்டி இந்த விதியைத் தாண்ட முடியாது. இயற்கைப் பொருள்களையும் தொல்பொருள்களையும் தோண்டுவது, குலைப்பது ஆகியவற்றுக்கும் அதே தலைப்பில் தடை உண்டு. பூங்காப் பணியாளர்கள் ஜியோகேச்சிங் டாட் காம் தளத்தின் பட்டியலைப் பார்த்துத் தங்கள் நிலத்திலிருந்த பெட்டிகளை அகற்றினார்கள். புதிய பெட்டிகளுக்குத் தேசியப் பூங்கா நிலத்தில் இடமில்லை என்று பட்டியல் தளமும் ஏற்றுக்கொண்டது. மீன், வனவிலங்குச் சேவையின் புகலிடங்களிலும் இதே நிலைதான். கட்டுமானங்களுக்கும் நிலையான பொருத்தல்களுக்கும் இடமளிக்காத 1964-ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டத்துக்கு உட்பட்ட நிலங்களிலும் பெட்டிகளை ஏற்க நிர்வாகங்கள் மறுத்தன.

கூட்டாட்சி அரசின் எல்லாத் துறைகளும் ஒரே குரலில் பேசவில்லை. மேற்கு மாநிலங்களில் பரந்த நிலங்களை வைத்திருக்கும் நில மேலாண்மைப் பணியகம், ஜியோகேச்சிங்கை நடைப்பயணம் போன்ற சாதாரணப் பயன்பாடாகக் கருதி, வனாந்தரப் பகுதிகள் நீங்கலான இடங்களில் தனி அனுமதியின்றியே விட்டுவைத்தது. வனச் சேவை நாடு முழுவதற்குமான தடை எதையும் போடாமல், அந்தந்த வட்டார அலுவலரின் முடிவுக்கு விட்டது. மாநிலப் பூங்காக்கள், மாவட்டக் காப்புக்காடுகள், நகராட்சிப் பூங்காக்கள் ஆகியவற்றிலோ பெரும்பாலும் விதியே இல்லை. பெட்டிகளைக் கண்ட ஒரு மேலாளர் கண்டுகொள்ளாமல் விடுவார். அடுத்த ஊர் மேலாளர் குப்பை என்று அள்ளிப் போடுவார். உண்மையான பேச்சுவார்த்தை நடந்தது இந்த மாநில, உள்ளூர் அடுக்கில்தான்.

அலுவலர்களின் அச்சங்கள்

பூங்கா அலுவலர்கள் முன்வைத்த ஆட்சேபங்கள் ஊருக்கு ஊர் வேறுபட்டாலும், அவற்றை ஐந்தாறு தலைப்புகளில் அடக்கிவிடலாம். முதலாவது தோண்டல். புதையல் வேட்டை என்ற பெயரைக் கேட்டதுமே மண்வெட்டியும் உலோகங்காட்டியும் நினைவுக்கு வருவது இயல்பு. தொல்லியல் இடங்களைப் பாதுகாக்க 1979-இல் தனிச் சட்டம் இயற்றிய நாட்டில் அது சிறிய கவலை அல்ல.

இரண்டாவது, தடம் விலகி நடப்பது. பெட்டி பாதையிலிருந்து இருபது அடி தள்ளி இருந்தாலும், நூறு பேர் அதே இருபது அடியை மிதித்தால் புல் மடிந்து புதிய ஒற்றையடிப் பாதை உருவாகும். அரிய செடிகள் வளரும் சரிவிலும் பறவைகள் கூடுகட்டும் புதரிலும் அதுவே நிரந்தரச் சேதமாகிவிடும். பெட்டி வைத்தவர் ஒருவர்தான். சேதம் செய்வது அவரைத் தொடர்ந்து வரும் கூட்டம். ஆகவே, இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே பூங்காவுக்கும் ஒரு சொல் வேண்டும் என்று அலுவலர்கள் கேட்டார்கள்.

மூன்றாவது, கைவிடப்பட்ட பெட்டிகள். ஆர்வம் தணிந்து உரிமையாளர் விலகிவிட்டால், மழைநீர் புகுந்த பெட்டி குப்பையாகத் தேங்கும். அதை அகற்றும் வேலை பூங்காப் பணியாளர் தலையில் விழும். நான்காவது, பொறுப்பு. தேடும்போது ஒருவர் பாறையிலிருந்து விழுந்தால் நகராட்சி வழக்கில் சிக்குமா என்பது சட்ட ஆலோசகர்கள் தவறாமல் கேட்ட கேள்வி. கட்டணமின்றிப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட நிலத்தின் உரிமையாளரைப் பாதுகாக்கும் பொழுதுபோக்கு நிலச் சட்டங்கள் அமெரிக்க மாநிலங்களில் இருப்பதை ஆர்வலர்கள் இதற்கு விடையாகக் காட்டினார்கள்.

ஐந்தாவது, 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு கூடிய அச்சம். பொது இடத்தில் கிடக்கும் உரிமையாளர் தெரியாத பெட்டி எதுவும் வெடிகுண்டாக இருக்கலாம் என்ற எச்சரிக்கை எங்கும் நிலவியது. நீர் புகாது, மலிவாகக் கிடைக்கும் என்பதால் ஆர்வலர்கள் விரும்பி வாங்கியதோ, பழைய இராணுவத் தோட்டாப் பெட்டிகள். பச்சை வண்ணமும் அதன்மேல் அச்சிட்ட இராணுவ எழுத்துகளும் ஐயத்தை வளர்த்தன. இவற்றோடு, மூடும் நேரத்துக்குப் பிறகு பூங்காவுக்குள் வருவோர், பொது நிலத்தைப் பயன்படுத்தித் தனியார் நிறுவனம் ஒன்று பட்டியல் நடத்துவது ஆகியவையும் கூட்டங்களில் பேசப்பட்டன.

சங்கங்களும் அவற்றின் வழிமுறையும்

தனி ஆர்வலர் ஒருவர் பூங்கா அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினால், பெரும்பாலும் கிடைத்த பதில் மறுப்புதான். கேள்விப்படாத ஒன்றுக்கு ஒப்புதல் தருவதைவிட மறுப்பது அலுவலருக்கு எளிது. இந்தக் காரணத்தால் 2001 முதல் மாநில, வட்டார அளவில் சங்கங்கள் எழுந்தன. விஸ்கான்சின், மின்னசோட்டா, டெக்சாஸ், ஃபுளோரிடா மாநிலங்களிலும் செயின்ட் லூயிஸ் போன்ற நகரங்களிலும் தொடங்கிய சங்கங்களுக்குச் சந்திப்புகள் நடத்துவது ஒரு வேலை. நில நிர்வாகங்களோடு பேசுவது மற்றொரு வேலை. பேச்சுக்குத் தலைவரும் முகவரியும் உள்ள ஓர் அமைப்பு வந்ததே நிர்வாகத்துக்கு முதல் நிம்மதியாக இருந்தது.

சங்கங்கள் கையாண்ட முறை பல ஊர்களில் ஒன்றுபோலவே அமைந்தது. முதலில் பூங்கா ஊழியர்களைத் தேடலுக்கு அழைத்துப் போவார்கள். கருவியைக் கையில் கொடுத்து ஒரு பெட்டியை அவர்களையே கண்டுபிடிக்கச் செய்வார்கள். மண்ணைத் தோண்ட வேண்டியதில்லை என்பது நூறு விளக்கங்களைவிட அந்த ஒரு நடையில் தெளிவாகும். அடுத்தது பூங்கா வாரியத்தின் கூட்டம். அங்கே படங்களோடு விளக்கம் தருவார்கள். பக்கத்து மாவட்டம் ஏற்றுக்கொண்ட விதிகளின் நகலை முன்வைப்பார்கள். பிறகு, எழுதித் தாருங்கள் என்று நிர்வாகத்திடம் கேட்காமல், தாங்களே ஒரு வரைவை எழுதிக் கொண்டுபோவார்கள். ஒரு மாவட்டத்தின் விதி அடுத்த மாவட்டத்துக்கு மாதிரியானது இப்படித்தான்.

இவற்றோடு துப்புரவுப் பணியும் சேர்ந்தது. பெட்டி தேடப் போகும்போது ஒரு பையைக் கொண்டுபோய், வழியில் கிடக்கும் குப்பையை எடுத்துவரும் வழக்கத்தை 2002-இல் ஆர்வலர்களும் தளமும் ஓர் இயக்கமாக்கினார்கள். விரைவிலேயே அது ஆண்டுதோறும் பல நாடுகளில் குறித்த நாளில் பூங்காக்களைச் சுத்தம் செய்யும் நிகழ்வாக வளர்ந்தது. களைச்செடி பிடுங்குதல், மரம் நடுதல், நடைபாதை செப்பனிடுதல் ஆகியவையும் அதில் சேர்ந்தன. குப்பை போடுவோர் என்ற குற்றச்சாட்டுக்கு ஆர்வலர்கள் தந்த நேரடி மறுமொழி இது. பூங்கா மேலாளர் முன்பு அவர்கள் விண்ணப்பதாரர்களாக மட்டுமின்றி உழைப்புத் தரும் தன்னார்வலர்களாகவும் நின்றார்கள்.

தளத்தின் விதிகளும் இறுகின. பெட்டியைப் புதைக்கத் தடை வந்தது. உணவுப்பொருள் வைப்பதும் நின்றது. அது விலங்குகளை ஈர்க்கும். ஒரு பெட்டிக்கும் மற்றொரு பெட்டிக்கும் இடையே குறைந்தது 0.1 மைல், அதாவது 161 மீட்டர், இடைவெளி கட்டாயமானது. வீட்டிலிருந்து வெகுதூரத்தில், சுற்றுலா போன இடத்தில் பெட்டி வைப்பதை ஏற்கவில்லை. பழுதானால் சென்று பார்க்க உரிமையாளரால் முடியாது. ஒவ்வொரு புதிய பெட்டியையும் வெளியிடுமுன் தன்னார்வச் சரிபார்ப்பாளர் ஒருவர் ஆராய்ந்தார். அவருக்குத் தம் வட்டாரத்துப் பூங்காக்களின் விதிகள் தெரிந்திருக்கும். பூங்கா நிர்வாகம் கேட்டுக்கொண்டால் ஒரு பெட்டி பட்டியலிலிருந்து நீக்கப்படும். பெட்டிகளின் இடத்தைப் பகிரங்கமாக அறிவிக்கும் இந்த விளையாட்டைக் கண்காணிப்பது எளிது என்ற வாதத்துக்கு இந்த ஏற்பாடு வலுச்சேர்த்தது.

அனுமதிச் சீட்டின் உருவம்

இப்படிப் பேசி முடிந்த இடங்களில் பிறந்தது ஒரு சிறிய படிவம். பென்சில்வேனியாவில் மாநிலப் பூங்காவிலோ மாநிலக் காட்டிலோ பெட்டி வைக்க அந்தப் பூங்கா மேலாளரின் அனுமதி தேவை. விஸ்கான்சினின் இயற்கை வளத் துறை ஓர் அறிவிப்புப் படிவத்தை வகுத்து, நிலத்தின் மேலாளர் ஒப்புக்கொண்ட பிறகே பெட்டி வைக்கலாம் என்றது. வேறு பல மாநிலங்களும் மாவட்டங்களும் நகரங்களும் தத்தம் படிவங்களை உருவாக்கின.

படிவங்கள் கேட்பவை பெரும்பாலும் ஒத்திருக்கின்றன. விண்ணப்பதாரரின் பெயரும் தொடர்பு விவரமும், பெட்டியின் அளவும் வகையும், துல்லியமான ஆயத்தொலைவு, வரைபடத்தில் ஒரு குறி ஆகியவை முதற்பகுதி. பாதையிலிருந்து எவ்வளவு தூரம், அருகே தொல்லியல் இடமோ அரிய தாவரமோ உண்டா என்பதை ஊழியர் சரிபார்ப்பது அடுத்த பகுதி. மது, மருந்து, ஆயுதம், உணவு எதுவும் வைக்கக் கூடாது. மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது. பெட்டியின் மேல் அது என்ன என்று எழுதியிருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் நிர்வாகம் அதை அகற்றலாம் என்பவை நிபந்தனைகள். பல இடங்களில் அனுமதிக்குக் காலவரம்பு உண்டு. கெடு முடிந்ததும் பெட்டியை எடுத்துவிட்டு வேறிடத்தில் வைத்தால், மிதிபட்ட நிலம் மீண்டும் தழைக்க அவகாசம் கிடைக்கும்.

காலவரம்பு, இடத்தைப் பூங்காவே சரிபார்த்தல், உரிமையாளர் பெயர் ஆகிய மூன்றும் முன்பு சொன்ன அச்சங்களில் பெரும்பாலானவற்றுக்கு விடையாயின. கைவிடப்பட்ட பொருள் என்று சட்டம் சொன்னது, அனுமதி பெற்ற பொருளாக மாறியது. ஆர்வலர்களில் ஒரு பகுதியினருக்கு இதில் மனக்குறை உண்டு. முறையான கடிதமும் கையொப்பமும் கேட்கும் விளையாட்டில் திடீர் உற்சாகத்துக்கு இடம் குறைவு. பதில் வர வாரக்கணக்கில் ஆகும். சில பூங்காக்கள் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்தன. ஆயினும் அனுமதி பெற்ற பெட்டி நீண்டநாள் நிலைத்தது என்பதைப் பலரும் ஒப்புக்கொண்டார்கள்.

தென் கரோலினா மசோதா

பேச்சுவார்த்தை உள்ளூர் அலுவலகத்தைத் தாண்டிச் சட்டமன்றத்துக்குப் போன நிகழ்வு 2005-இல் தென் கரோலினாவில் நடந்தது. கல்லறைத் தோட்டம், தொல்லியல் இடம், வரலாற்றுச் சின்னம் என்று பொதுவில் அடையாளமிடப்பட்ட இடம் ஆகியவற்றில், உரிமையாளரின் அல்லது பொறுப்பு அமைப்பின் எழுத்துமூல ஒப்புதல் இன்றி ஜியோகேச்சிங்கும் லெட்டர்பாக்ஸிங்கும் நடத்துவதைக் குற்றமாக்கும் மசோதா, 3777 என்ற எண்ணுடன் கீழவையில் கொண்டுவரப்பட்டது. கல்லறைகளுக்குரிய மரியாதை குலைகிறது என்பது அதை முன்மொழிந்தவர்களின் கவலை.

ஆர்வலர்களின் எதிர்வாதம் மசோதாவின் வீச்சைப் பற்றியது. வரலாற்றுப் பலகை நடப்படாத தெரு அரிதான சார்ல்ஸ்டன் போன்ற நகரில், இந்தச் சொற்கள் நகரின் பெரும்பகுதியையே மூடிவிடும் என்று அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். கல்லறையைச் சேதப்படுத்துவதற்கு எதிராக ஏற்கெனவே சட்டம் இருப்பதையும் நினைவூட்டினார்கள். கீழவை மசோதாவை நிறைவேற்றியது. மேலவையில் அது முன்னேறாமல் காலாவதியானது. சட்டம் வராவிட்டாலும் விளைவு ஏற்பட்டது. கல்லறைத் தோட்டங்களில் பெட்டி வைப்பது பற்றிச் சங்கங்களும் சரிபார்ப்பாளர்களும் கூடுதல் கவனம் கொள்ளத் தொடங்கினார்கள். வெளியிலிருந்து தடை வருமுன் தாங்களே எல்லை வகுத்துக்கொள்வது நல்லது என்ற பாடம் மற்ற மாநிலச் சங்கங்களுக்கும் எட்டியது.

வெடிகுண்டு அச்சம்

பெட்டியை வெடிகுண்டு என்று எண்ணிக் காவல்துறை சாலையை மூடிய நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. அவற்றில் அதிகம் பேசப்பட்டது 2011 ஜூலையில் இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷயரில் வெதர்பி என்ற சிறுநகரில் நடந்தது. ஓர் உணவகத்துக்கு வெளியே ஒருவர் சிறிய பெட்டியைக் கையாண்டதைக் கண்டவர்கள் காவல்துறைக்குச் சொல்ல, தெரு காலிசெய்யப்பட்டு, இராணுவ நிபுணர்கள் பெட்டியைக் கட்டுப்படுத்திய வெடிப்பில் அழித்தார்கள். அது ஒரு ஜியோகேச்சிங் பெட்டி மட்டுமே.

இத்தகைய நிகழ்வுகளுக்குப் பிறகு, பாலம், ரயில் பாதை, அரசுக் கட்டடம், பள்ளி ஆகியவற்றின் அருகே பெட்டி வைப்பதற்கான கட்டுப்பாடுகள் கடுமையாயின. ஊருக்குள் வைக்கும் பெட்டிகளில் ஒளி ஊடுருவும் டப்பாக்களும் தெளிவான எழுத்தும் பரிந்துரைக்கப்பட்டன. தோட்டாப் பெட்டியின் இராணுவ எழுத்துகளை அழித்துவிட்டு ஜியோகேச் என்று எழுதும் வழக்கம் நிலைபெற்றது. பூங்கா அனுமதிப் படிவத்துக்கும் இதனால் ஒரு புதிய பயன் கிடைத்தது. சந்தேகத் தகவல் வரும்போது, அந்த இடத்தில் அனுமதி பெற்ற பெட்டி உண்டா என்று பூங்கா அலுவலகம் கோப்பைப் பார்த்துச் சொல்லிவிட முடிந்தது.

பெட்டியில்லாப் பெட்டிகள்

பொருள் எதையும் விட்டுவைக்க முடியாத நிலங்களுக்கு ஆர்வலர்கள் வேறு வழி தேடினார்கள். தொடக்க ஆண்டுகளில் மெய்நிகர் கேச் என்ற வகை இருந்தது: குறித்த இடத்துக்குப் போய், அங்குள்ள பலகையிலிருந்து ஒரு விடையைக் கண்டுபிடித்து அனுப்பினால் போதும். அந்த வகையில் புதியவற்றை ஏற்பதைத் தளம் 2005-இல் நிறுத்திக்கொண்டது. அதற்குள் பூமி கேச் என்னும் வகை உருவாகியிருந்தது. அமெரிக்க நிலவியல் சங்கத்தின் துணையோடு வளர்ந்த இதில், தேடி வருபவர் பாறை அடுக்கையோ அருவியையோ மடிப்பு மலையையோ பார்த்து, அது உருவான விதம் பற்றிய கேள்விகளுக்கு விடையளிக்கிறார். முதல் பூமி கேச் 2004 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், முர்ரமராங் தேசியப் பூங்காவின் வாஸ்ப் ஹெட் கடற்கரைப் பாறைகளில் அமைந்தது. பொருள் எதுவும் விடப்படாததாலும் பூங்காவின் கல்விப் பணியோடு ஒத்துப்போனதாலும், பெட்டிகளை மறுத்த தேசியப் பூங்காக்கள் இதை வரவேற்றன.

கனடாவும் பிரிட்டனும்

கனடாவின் தேசியப் பூங்கா அமைப்பான பார்க்ஸ் கனடா 2005-இல் புதிய பெட்டிகளை நிறுத்திவைத்தது. நிறுத்தியதோடு விடாமல், ஆர்வலர்களின் கருத்தைக் கேட்டு இடைக்காலக் கொள்கை ஒன்றை வகுத்தது; பின்னாளில் அது முழுமையான வழிகாட்டு நெறியாக வளர்ந்தது. ஒவ்வொரு பெட்டியும் முன்னரே பூங்காவின் ஒப்புதலைப் பெற வேண்டும். பூங்காவின் இயற்கையையோ வரலாற்றையோ அறிமுகப்படுத்துவதாக அது இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். கதவை மூடிவிட்டு விதியை எழுதி மீண்டும் திறந்த இந்த முறை, மற்ற நிர்வாகங்களும் எடுத்துக்காட்டும் மாதிரியானது.

பிரிட்டனில் பெருமளவு நிலம் தனியார், அறக்கட்டளை, மாவட்டச் சபை, வனத்துறை என்று பல கைகளில் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியே உரிமையாளரைத் தேடுவது கடினம். 2003-இல் தொடங்கிய பிரிட்டன் ஜியோகேச்சிங் சங்கம் வேறு வழியைக் கையாண்டது. பெரிய நிலவுடைமை அமைப்புகளோடு பொதுவான ஒப்பந்தம் செய்து, யார் யாருடைய நிலத்தில் எந்த நிபந்தனையில் பெட்டி வைக்கலாம் என்ற பட்டியலை எல்லோருக்கும் கிடைக்கச் செய்தது. பாதுகாக்கப்பட்ட தொல்சின்னங்களில் பெட்டி கூடாது. உலர் கற்சுவர்களைப் பிரித்து வைக்கக் கூடாது என்ற விதிகளும் சேர்ந்தன. டார்ட்மூர் லெட்டர்பாக்ஸ் நெறியின் வாரிசு என்றே இவற்றைக் கொள்ளலாம்.

பூங்காக்களே பெட்டி வைத்த காலம்

பத்தாண்டுகள் முடிவதற்குள் காட்சி மாறியது. பூங்கா நிர்வாகங்களுக்கும் ஒரு தேவை இருந்தது: திரையின் முன் அமர்ந்திருக்கும் குழந்தைகளையும் இளம் குடும்பங்களையும் வெளியே வரவழைக்க வேண்டும். கருவியையும் காட்டையும் இணைக்கும் இந்த விளையாட்டு அதற்குப் பொருத்தமாக அமைந்தது. மின்னசோட்டா மாநிலம் தன் 150-ஆம் ஆண்டைக் கொண்டாடிய 2008-இல், அதன் மாநிலப் பூங்காக்கள் ஒவ்வொன்றிலும் பெட்டி வைத்து, அந்தப் பூங்காவின் வரலாறு அச்சிட்ட அட்டைகளைத் தேடுவோர் சேகரிக்கும்படி இயற்கை வளத் துறையே ஒரு போட்டியை நடத்தியது. அடுத்து வனவிலங்கு அட்டைகளோடு அது தொடர்ந்தது. கருவி இல்லாதவர்களுக்குப் பூங்கா அலுவலகங்கள் ஜிபிஎஸ் கருவியை இரவல் கொடுத்தன. விஸ்கான்சினின் வெஸ்ட் பெண்ட் நகரம் தன் பூங்காக்களில் நிறைந்த பெட்டிகளை வைத்தே சுற்றுலாவை வளர்த்து, மத்திய மேற்கின் ஜியோகேச்சிங் தலைநகர் என்று தன்னை விளம்பரப்படுத்திக்கொண்டது.

கதவைச் சாத்திய தேசியப் பூங்காச் சேவையும் காலப்போக்கில் தன் நிலையைத் தளர்த்தியது. நாடு முழுவதற்கும் ஒரே மறுப்பு என்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு பூங்காவின் கண்காணிப்பாளரும் தம் பூங்காவின் தன்மையை எடைபோட்டு முடிவு செய்யலாம் என்ற வழிகாட்டல் வந்தது. சேவையின் செசபீக் விரிகுடா அலுவலகம் 2011-இல் அந்த விரிகுடாவை ஆராய்ந்த கேப்டன் ஜான் ஸ்மித்தின் பயணத்தைப் பின்பற்றும் பெட்டித்தடம் ஒன்றைக் கூட்டாளி அமைப்புகளோடு சேர்ந்து தொடங்கியது. 1812-ஆம் ஆண்டுப் போரின் இருநூறாம் ஆண்டையொட்டி 2012-இல் மற்றொன்று வந்தது. இந்தப் பெட்டிகளின் இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் பராமரித்ததும் பொறுப்புள்ள அமைப்புகள். பதிவேட்டோடு உள்ளே இருந்தவை வரலாற்றுக் குறிப்புகள்.

இன்றைய நிலை

உலகெங்கும் செயலிலுள்ள பெட்டிகளின் எண்ணிக்கை 2010-இல் பத்து இலட்சத்தையும் 2013-இல் இருபது இலட்சத்தையும் தாண்டியது. இன்று அது முப்பது இலட்சத்துக்கு மேல். கைப்பேசிச் செயலி வந்த பிறகு தனி ஜிபிஎஸ் கருவியின் தேவையும் மறைந்தது. அனுமதி முறை மட்டும் இன்னும் ஒரே சீராக இல்லை. வனவிலங்குப் புகலிடங்களிலும் வனாந்தரப் பகுதிகளிலும் பெட்டிக்கு இன்றும் இடமில்லை. பூமி கேச் போன்றவையே அங்கே வழி. தேசியப் பூங்காக்களில் கண்காணிப்பாளரின் முடிவே இறுதி. மாநிலப் பூங்காக்களில் பெரும்பாலும் படிவம் உண்டு. நகராட்சிப் பூங்காக்களில் சிலவற்றில் எழுத்துமூல அனுமதி, சிலவற்றில் தொலைபேசித் தகவல், சிலவற்றில் எழுதாத சம்மதம். பூங்கா இயக்குநர் மாறினால் விதியும் மாறும் ஊர்கள் உண்டு. அப்போது சங்கத்தினர் மீண்டும் வாரியத்தின் கூட்டத்துக்குப் போய், முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கிறது. பெட்டி வெளியாவதற்கு முன் நிலத்தின் பொறுப்பாளரிடம் அனுமதி பெற்றிருக்க வேண்டும் என்ற விதி மட்டும் எல்லா நாடுகளுக்கும் பொதுவாக நிற்கிறது.